வவுணதீவு வயல்களின் ஆரை: இரு மாசீலியா இனங்கள் பற்றிய ஓர் ஒப்புநோக்கு

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளுக்கும் இப்பிரதேச மக்கள் ஞாயிற்றைக் கொண்டே பெயரிட்டனர். ஞாயிறு எழும் பக்கம் எழுவான்கரை. படும் பக்கம் படுவான்கரை. நகரிலிருந்து வலையிறவுப் பாலத்தைக் கடந்து மேற்கே சென்றால் முதலில் எதிர்ப்படுவது வவுணதீவு. அதற்கப்பால் உன்னிச்சைக் குளம் வரையும் அதனைச் சூழ்ந்தும் பரந்து கிடப்பவை வயல் வட்டைகள். நெற்பயிரையே ‘வேளாண்மை’ என்று சொல்லும் வழக்கு இந்நிலத்துக்குரியது. உழவு என்றாலும் பயிர் என்றாலும் நெல்லே இம்மக்களின் நெஞ்சில் முதற்கண் தோன்றும் என்பதற்கு அச்சொல் ஒன்றே போதிய சான்றாகும்.

அந்த வேளாண்மையின் இடையே, வரம்போரத்தும் வாய்க்கால் ஓரத்தும், தண்ணீர் வற்றிக்கொண்டிருக்கும் சேற்றிலும் படர்கின்ற சிறு செடியொன்றே இக்கட்டுரையின் பொருள். மெல்லிய நீண்ட காம்பின் நுனியில் நான்கு சீறிலைகள் சிலுவைபோல் விரிந்திருக்கும். தண்ணீர் நின்றால் அவை நீர்ப்பரப்பில் மிதக்கும். நீர் வடிந்தால் நிமிர்ந்து நிற்கும். இரவில் மடிந்து கூம்பும். இதனைத் தமிழர் ஆரை என்றும், நீராரை என்றும், கீரையாகக் கொள்ளுமிடத்து ஆரைக்கீரை, ஆராக்கீரை என்றும் வழங்குவர். சேற்றிற் பிடுங்கி வரம்பிற் போட்டால் களை. அதனையே கிள்ளி மடியிற் கட்டிக்கொண்டால் கீரை. ஒரே கை ஒரே நாளில் இரண்டையும் செய்வதுண்டு.

எழுவான்கரையிலுள்ள ஆரையம்பதி முன்னாளில் ஆரைப்பற்றை என வழங்கியது. அப்பெயர் இச்செடியினின்றும் வந்தது என்பது அவ்வூர் மரபு. சொல்லை ஆராயுமிடத்து வேறொரு பொருத்தமும் புலப்படுகின்றது. வண்டிச் சில்லின் நடுவிலிருந்து விளிம்புக்குச் செல்லும் கால்களுக்கு ஆரைக்கால் என்பது பெயர். எமது பாடசாலைக் கணிதநூல்களில் வட்டத்தின் நடுப்புள்ளியிலிருந்து பரிதிவரை செல்லும் கோடும் ஆரையே. நான்கு சீறிலைகளும் ஒரு புள்ளியிலிருந்து பிரிந்து செல்லும் தோற்றங் கண்டு இச்செடிக்கு அப்பெயர் அமைந்தது என்று கொள்ள இடமுண்டு. முடிந்த முடிபாக அன்று, கருத்தாகவே இதனைக் கூறுகின்றோம்.

பெயர் பற்றி இன்னுமொன்று. மூன்று சீறிலைகளும் புளிப்புச் சுவையும் உடைய புளியாரை, ஆரையோடு எவ்வித உறவும் இல்லாத பூக்குந் தாவரமாகும். இலையின் தோற்ற ஒற்றுமை பற்றியே தமிழில் அது ஆரையின் பெயரைப் பெற்றது. சிங்களத்தில் இம்முறை தலைகீழாக அமைந்துள்ளது. அங்கே புளியாரைக்கு ‘எம்புல் எம்பிலிய’ என்பது பெயர். நீரில் வளரும் ஆரைக்கு ‘தியஎம்புல் எம்பிலிய’, அதாவது நீர்ப் புளியாரை, என்பது பெயர். தமிழர் நீர்ச்செடியை முதலாகக் கொண்டு புளிச்செடியைப் பெயரிட்டனர். சிங்களவர் புளிச்செடியை முதலாகக் கொண்டு நீர்ச்செடியைப் பெயரிட்டனர். இரு மொழியாரும் ஒரே ஒற்றுமையைக் கண்டனர் என்பது கருதத்தக்கது. இலையை வைத்துப் பெயரிடுதல் மக்கள் வழக்கில் இயல்பானது. அதனாற் கேடு எதுவும் விளைந்ததில்லை. விஞ்ஞானப் பெயர் இடுவோரும் அவ்வாறே இலையை மட்டும் பார்த்தபோது நேர்ந்தது என்ன என்பதையே இனி நோக்குவோம்.

ஆரை ஒரு பன்னம். பூவும் விதையும் இல்லாது வித்திகளாற் பெருகும் கலன்றாவரக் கூட்டத்தைச் சேர்ந்தது. இதன் சாதிக்கு மாசீலியா என்பது பெயர். போலோஞா நகரத்து அறிஞரான மார்சீலி பிரபுவின் நினைவாக இடப்பட்டது. உலகெங்கும் ஏறத்தாழ ஐம்பது அறுபது இனங்களைக் கொண்ட சாதி இது. அவற்றுள் இரண்டு இங்கு எமக்கு வேண்டியவை. ஒன்று மாசீலியா குவாட்றிபோலியா. லின்னேயஸ் 1753ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘தாவர இனங்கள்’ என்னும் பெருநூலில் இடம்பெற்றது. மற்றையது மாசீலியா மினூற்றா. அவரே 1771ஆம் ஆண்டில், இந்தியாவிலிருந்து கிடைத்த மாதிரியைக் கொண்டு பெயரிட்டது.

தமிழில் வெளிவந்த மூலிகை நூல்களையும் கீரை நூல்களையும் களைப் பட்டியல்களையும் புரட்டினால், ஆரைக்கு நேரே பெரும்பாலும் காணப்படுவது குவாட்றிபோலியா என்னும் பெயரே. ஆனால் தமிழகத்து ஏரிகளிலும் வவுணதீவின் வட்டைகளிலும் இலங்கையின் உலர்வலயக் குளக்கரைகளிலும் வளர்வது மினூற்றா. குவாட்றிபோலியா குளிரான நாடுகளுக்குரியது. நடு ஐரோப்பாவும் தென் ஐரோப்பாவும், கோக்கசஸ் பகுதியும், சீனமும் யப்பானும் அதன் நிலங்கள். இந்தியத் துணைக்கண்டத்தில் அதற்கு உரிய இடம் காசுமீரம். சிறிநகரின் தால் ஏரி அதற்குப் பேர் பெற்றது. காசுமீரத்து ஏரிக்கும் உன்னிச்சைக் குளத்துக்கும் உள்ள தூரமே இவ்விரு இனங்களுக்கும் உள்ள தூரம் எனலாம். ஆயினும் எமது நூல்கள் ஒன்றன் பெயரை மற்றையதன்மேல் ஏற்றி வைத்துள்ளன.

இப்பிழை எவ்வாறு நேர்ந்தது? இதற்குக் காரணம் ஒன்றன்று. முதற்காரணம் பெயர்களின் பொருளிலேயே கிடக்கின்றது. குவாட்றிபோலியா என்றால் நாலிலையுடையது என்று பொருள். இலத்தீன் சிறிதறிந்த ஒருவர் நான்கு சீறிலைகளைக் கண்டவுடன் அப்பெயரை எழுதிவிடுவார். ஆனால் நான்கு சீறிலைகள் மாசீலியாச் சாதி முழுவதற்கும் பொதுவானவை. இனத்தின் பெயர்போலத் தோன்றும் அது உண்மையிற் சாதியின் அடையாளத்தையே சொல்லுகின்றது. மறுபுறம், மினூற்றா என்றால் மிகச் சிறியது என்று பொருள். மாரி காலத்தில், முழங்காலளவு நீரில், நீண்ட காம்புகளின்மேல் அகன்ற சீறிலைகள் மிதக்கும் ஆரையைக் கண்டவர் எவரும் அதனை மிகச் சிறியது என்று எண்ணமாட்டார். லின்னேயசின் கைக்குக் கிட்டியது காய்ந்த நிலத்திற் குறுகி வளர்ந்த செடியாதல் வேண்டும். ஒரே செடி நீரிற் பெரிதாயும் நிலத்திற் குறுகியும் வளரக்கூடியது என்பது அப்பெயரில் இடம்பெறவில்லை.

ஆரையின் உடல் அத்துணை நெகிழ்ச்சியுடையது. நீரில் வளரும்போது தோன்றும் சீறிலைகளின் விளிம்பு வழுவழுப்பாகவும் முழுமையாகவும் இருக்கும். இலைவாய்கள் மேற்புறத்தில் மட்டுமே அமையும். நீர் வற்றியபின் அதே வேர்த்தண்டுக்கிழங்கு விடும் புதிய இலைகள் சிறியனவாய், நுனி விளிம்பு அலையலையாக வெட்டுண்டனவாய், இருபுறமும் இலைவாயுடையனவாய் அமைகின்றன. விளிம்பு அரிக்கப்பட்டாற்போன்ற இத்தகைய செடிகளைக் கண்டு வில்டெனோ என்னும் செருமானியத் தாவரவியலாளர் 1810ஆம் ஆண்டில் ‘எரோசா’ எனப் புதியதோர் இனத்தையே நிறுவினார். இன்று அப்பெயர் மினூற்றாவுள் அடங்கிவிட்டது. தண்ணீரின் ஏற்றவிறக்கத்தை இனவேறுபாடு என மயங்கியதன் விளைவு அது. வவுணதீவில் ஒரே வயலின் நடுவிலும் வரம்பிலும் உள்ள செடிகளை இரு இனங்கள் என்று ஒரு தூரதேசத்து அறிஞர் எழுதியிருந்தாலும் அவரை நாம் முற்றாகக் குறைகூற முடியாது. அவர் வயலைக் கண்டவர் அல்லர், தாளில் ஒட்டப்பட்ட உலர்மாதிரியைக் கண்டவர்.

அவ்வாறாயின் இரு இனங்களையும் பிரித்தறிவது எதனால்? இலையால் அன்று. இலைக்காம்பின் அடியில், சேற்றோடு சேறாகக் கிடக்கும் வித்திக்கனியால்.

வித்திக்கனி என்பது பெயரளவிலேயே கனி. பூவில் விளைந்ததன்று, வித்திகளை உள்ளடக்கி இறுக மூடிய, இலையின் மாறுபாடாகிய ஓருறுப்பு. அவரை விதையின் வடிவும் மிளகின் பருமனும் உடையது. இளமையிற் பசுமையாயும் மயிர் படர்ந்தும் இருந்து, முதிர்ந்தபின் கரும்பழுப்பு நிறம் பெற்றுக் கல்போல் இறுகும். குவாட்றிபோலியாவில் இக்கனிகளின் காம்பு இலைக்காம்பின் அடியிலிருந்து நேரே எழுவதில்லை. சற்று மேலே, இலைக்காம்போடு ஒட்டிச் சென்று பின் பிரிகின்றது. பிரிந்தபின் பெரும்பாலும் கிளைத்து இரண்டு மூன்று கனிகளைத் தாங்குகின்றது. கனி நான்கு முதல் ஐந்தரை மில்லிமீற்றர்வரை நீளமுடையது. காம்பு சேரும் இடத்துக்கு அண்மையில் மாசீலியாக் கனிகளிற் காணப்படும் இரு பற்களுள் மேற்பல் குவாட்றிபோலியாவில் இல்லை, அல்லது இருந்தும் இல்லாததுபோல் மழுங்கியுள்ளது.

மினூற்றாவில் ஒவ்வொரு கனிக்கும் தனிக்காம்பு உண்டு. அக்காம்புகள் இலைக்காம்பின் அடியிலேயே, அல்லது அதனை ஒட்டிச் சிறிதே மேலே தோன்றும், கிளைப்பதில்லை. ஒரு கணுவிற் பல கனிகள் கூட்டமாக நிற்றலும் உண்டு. கனி சற்றுச் சிறியது. மூன்று, நான்கு மில்லிமீற்றர் அளவினது. மேற்பல் கூர்மையாக எழுந்து நிற்கும். உருப்பெருக்குக் கண்ணாடி ஒன்று இருந்தால் ஐயமின்றிக் காணலாம். கண் கூரியவர்க்கு அதுவும் வேண்டியதில்லை, பெருவிரல் நகத்தால் தடவியே உணரலாம். சிற்சில செடிகளில் மினூற்றாவின் கனிக்காம்புகள் அடியில் ஒன்றோடொன்று சிறிது ஒட்டியிருப்பதால், காம்பை மட்டும் பார்த்து முடிவுகட்டுதல் தகாது. காம்பு, பல், பருமன் மூன்றையும் ஒருங்கே நோக்கல் வேண்டும்.

இங்கேதான் பிழையின் இரண்டாவது காரணம் வெளிப்படுகின்றது. அது பருவகாலத்தோடு தொடர்புடையது. இப்பகுதிக்கு மழை தருவது வடகீழ்ப் பருவக்காற்று. ஐப்பசி கார்த்திகையில் வயல் நிறைகின்றது. பெரும்போக வேளாண்மை தை, மாசி, பங்குனியில் அறுவடையாகின்றது. ஆரை செழித்து இலை பரப்புவது நீருள்ள காலத்தில். கனி தோன்றி முதிர்வதோ நீர் வடிந்து சேறு இறுகும் காலத்தில். தாவரஞ் சேகரிப்பவர் செடி செழிப்பாக உள்ளபோதே பறிக்கின்றார். கீரை பறிப்பவருக்கும் அதுவே பருவம். ஆகவே கனியில்லாத மாதிரிகளே உலர்தாவரச் சேகரங்களிற் பெருகுகின்றன. கனியில்லாத மாதிரியின்மேல், நான்கு இலையைக் கண்டு, குவாட்றிபோலியா என்று சீட்டெழுதி ஒட்டிவிடுதல் எளிது. ஒருவர் எழுதியதை அடுத்தவர் நம்பினார். அவர் நூலைப் பார்த்து மூன்றாமவர் எழுதினார். அறுவடை முடிந்த வயலில் மாட்டை விட்டுவிட்டு வரம்பில் அமர்ந்திருப்பவன் கனியைக் கண்டிருப்பான். அவனை எவரும் கேட்டதில்லை.

மூன்றாவது காரணமும் ஒன்றுண்டு. அதனைச் சற்றுத் தயக்கத்தோடேயே கூறுகின்றோம். எமது தாவர அறிவின் பெரும்பகுதி ஐரோப்பிய நூல்களின் வழியே வந்தது. குவாட்றிபோலியா ஐரோப்பியரின் வீட்டுச் செடி; அவர்களின் பாடநூல்களில் மாசீலியாவுக்கு எடுத்துக்காட்டாக அதுவே படமாக வரையப்பட்டது. அப்படத்தைப் பார்த்துக் கற்றவர் வயலுக்குச் சென்றபோது, வயலிலிருந்ததைப் படத்தோடு ஒப்பிட்டாரேயன்றிப் படத்தை வயலோடு ஒப்பிடவில்லை. இதனை அந்நியர்மேற் பழியாகச் சுமத்துவதும் நேர்மையாகாது. மினூற்றாவைத் தனியினமாகப் பிரித்துப் பெயரிட்டவரும் ஓர் ஐரோப்பியரே. மேலும் இந்தியாவில் கே. எம். குப்தா 1962ஆம் ஆண்டில் மாசீலியா பற்றித் தனிநூலொன்றே எழுதி, புதுதில்லி விஞ்ஞான கைத்தொழில் ஆராய்ச்சி மன்றம் அதனை வெளியிட்டுள்ளது. கனியின் பண்புகளே இச்சாதியில் இனங்களைப் பிரித்தற்குச் சிறந்த அடிப்படை என்பதை 1986ஆம் ஆண்டில் டேவிட் ஜோன்சன் அமெரிக்க இனங்கள் பற்றிய தமது ஆய்விலும் நிறுவிக் காட்டினார். நூல்கள் இருந்தன, படிக்காது விட்டவர் நாமே.

இலையை விட்டு வித்தியை நோக்குக என்னும் இப்பாடம் மாசீலியாவுக்கு மட்டும் உரியதன்று. நீரும் வறட்சியும் மாறிமாறி வரும் குட்டைகளில் வாழும் இன்னொரு சாதி ஐசோயிற்றிசு. புல்லின் தோற்றமுடைய இலைகள் கிழங்கொன்றினின்றும் கொத்தாக எழ, இலையடிகளுக்குள்ளே வித்திகளை ஒளித்து வைத்திருப்பது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வளரும் அதன் இனமொன்றுக்கு லின்னேயசின் மகன் சோழமண்டலக் கரையின் பெயரையே சூட்டி ‘கோரமண்டலினா’ என அழைத்தார். வட ஐரோப்பிய ஏரிகளில் அச்சாதியின் இரு இனங்கள் அருகருகே வாழ்கின்றன. ஒன்று லக்கூஸ்திரிசு, மற்றையது எக்கினோஸ்போரா. இலையை மட்டும் கண்டு அவ்விரண்டையும் உறுதியாகப் பிரித்தல் அரிது. மாவித்தியை எடுத்துக் கண்ணாடியில் நோக்கின் ஒன்றில் முட்கள், மற்றையதில் முட்களற்ற கரடுமுரடான மேடுகள். உயிர்க்கலத்துள் நோக்கினோர் இன்னும் வியந்தனர். எக்கினோஸ்போராவின் நிறமூர்த்தங்கள் 22; லக்கூஸ்திரிசின் நிறமூர்த்தங்கள் 110. வெளியே இரட்டையர்போல் நிற்கும் செடிகளின் உள்ளே ஐந்து மடங்கு வேறுபாடு.

ஐசோயிற்றிசும் மாசீலியாவும் உறவினர் அல்லர். ஒன்று பன்னங்களுக்கு வெகு தூரத்துக் கிளை, மற்றையது பன்னமே. எனினும் இரண்டும் ஈரின வித்திகளை உண்டாக்குகின்றன: பெண்பாலுக்குரிய பெரிய மாவித்தி, ஆண்பாலுக்குரிய சிறிய நுண்வித்தி. பெரும்பாலான பன்னங்கள் ஒரே வகை வித்தியோடு நின்றுவிட, நீரும் நிலமும் சந்திக்கும் விளிம்பில் வாழும் இச்செடிகள் தனித்தனியே இம்முறையை எய்தியுள்ளன. விதையுள்ள தாவரங்களின் முன்னோரும் இதே வழியால் வந்தவர்களே. ஆதலின் தாவர வரலாற்றின் ஒரு முக்கிய திருப்பத்தை எமது மாணவர் உயிரோடு காண விரும்பின் வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை.

அதனைக் காணும் முறை எளிது. முதிர்ந்த கனியொன்றை எடுத்து, அதன் ஓடு மிகக் கடினமாதலால், ஓரத்தைக் கூரிய கத்தியாற் சிறிது சீவி, கண்ணாடிப் பாத்திரத்து நீரில் இடவேண்டும். சிறிது நேரத்தில் ஓடு இரண்டாகப் பிளக்கும். உள்ளிருந்து கண்ணாடிபோன்ற கூழ்ப்பொருளாலான புழுவொன்று ஊர்ந்து வெளிவருவதுபோல் நீண்டு, கனியைப்போற் பன்மடங்கு நீளமாகி, இருமருங்கும் வித்திக் கூட்டங்களை ஏந்தி நிற்கும். வெண்மணிகளாகக் கண்ணுக்குத் தெரிவன மாவித்திகள். நுண்வித்திகள் பன்னிரண்டு மணி நேர அளவிலேயே நீந்தும் விந்துக்களை விடுவிக்க, ஓரிரு நாளிற் கருக்கட்டல் நிகழ்ந்து முளைக்கத் தொடங்கும். ஆண்டுக்கணக்கிற் காத்திருந்த செடி, நீரைக் கண்டபின் ஒரு நாளையும் வீணாக்குவதில்லை.

காத்திருத்தல் என்றது மிகையன்று. உலர்தாவரச் சேகரங்களில் நூறாண்டுக்கு மேலாகக் கிடந்த மாசீலியாக் கனிகளும் நீரிலிட்டபோது முளைத்துள்ளன. போர் நடந்த ஆண்டுகளில் படுவான்கரையில் விதைப்பின்றித் தரிசாகக் கிடந்த வயல்கள் பல. 2007க்குப் பின் மக்கள் திரும்பி வந்து மண்ணைப் புரட்டியபோது வேளாண்மையோடு கூட அதன் களைகளும் எழுந்தன. மனிதர் இல்லாத காலத்தையும் மண்ணுட் கிடந்து கடக்கும் வல்லமை அவ்வோட்டுக்கு உண்டு.

பெயர் மாறினால் என்ன, கீரை கீரைதானே என்று கேட்போருமுளர். கேள்வி நியாயமானதே. சமையலறைக்குப் பெயரால் இழப்பில்லை. ஆனால் பெயரோடு சேர்ந்து வேறு செய்திகளும் பயணஞ் செய்கின்றன. மருத்துவத்தை முதலில் நோக்குவோம். வடமொழி மருத்துவ நூல்களில் சுனிஷண்ணகம் எனப்படும் செடி ஆரையே என்பர். வங்காளத்தில் சுசுனிக் கீரை நல்ல உறக்கத்தைத் தரும் என்னும் நம்பிக்கை வலுவானது. அதனடிப்படையில் இந்திய வேதியியலாளர் மினூற்றாவிலிருந்து ‘மாசிலின்’ என்னும் பொருளைப் பிரித்தெடுத்து, அதன் அமைதிப்படுத்தும் தன்மையையும் வலிப்பைத் தடுக்கும் தன்மையையும் ஆராய்ந்தனர். இவ்வாய்வுகளைத் தமிழில் எடுத்தெழுதுவோர் குவாட்றிபோலியாவின் பெயரில் எழுதினால், எந்தச் செடியில் எது காணப்பட்டது என்பதே குழம்பிவிடும். ஒரு செடியில் உள்ள பொருள் அதன் உடன்பிறப்பிலும் அதே அளவில் இருத்தல் வேண்டும் என்னும் நியதி இல்லை.

உடன்பிறப்பை நம்பி ஏமாறிய வரலாறும் இச்சாதிக்கு உண்டு. 1861ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் உள்நாட்டை ஊடறுத்துச் சென்ற பர்க், வில்ஸ் ஆகியோர் கூப்பர்ஸ் கிறீக் ஆற்றங்கரையில் உணவின்றித் தங்கி, அங்கு நார்டு எனப்படும் மாசீலியா தரமண்டியின் கனிகளை அரைத்துண்டனர். வயிறு நிறைய உண்டும் நாளுக்குநாள் மெலிந்து மாண்டனர். அக்கனியில் உயிர்ச்சத்து பீ-1ஐ அழிக்கும் நொதியம் மிகுதியாக உள்ளது என்பது பின்னாளில் அறியப்பட்டது. அந்நிலத்துக்குரிய யந்திருவந்தா மக்களோ அதனைப் பதமறிந்து ஆக்கி உண்டு தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்கள். அவர்களோடு சேர்ந்த கிங் என்பவர் மட்டுமே உயிர்தப்பினார். எமது ஆரைக்கீரையை எவரும் கனியாக உண்பதில்லை, பச்சையாகவும் உண்பதில்லை என்பதை இங்கு சேர்த்துச் சொல்லிவிடுகின்றோம். இந்தோனேசியாவின் சுரபாயா நகரத்திற் புகழ்பெற்ற செமாங்கி உணவும் மினூற்றாவுக்கு மிக நெருங்கிய கிரெனாற்றாவின் இலையை வேகவைத்துச் செய்வதே.

இரண்டாவது, பாதுகாப்புப் பற்றியது, இதுவே பெரியது. ஐரோப்பாவில் குவாட்றிபோலியா அருகிவருகின்றது. 1979ஆம் ஆண்டின் பேர்ண் உடன்படிக்கையிலும், 1992ஆம் ஆண்டின் ஐரோப்பிய வாழிடப் பணிப்புரையிலும் பாதுகாக்கப்படவேண்டிய இனமாக அது இடம்பெற்றுள்ளது. வட இத்தாலியின் நெல்வயல்களில் ஒருகாலத்தில் அது சாதாரணக் களை. களைகொல்லிகளின் வருகைக்குப்பின் அங்கிருந்து பெரிதும் மறைந்தது. யப்பானியர் அதனைத் தென்ஜிசோ என்பர். நெல்வயலைக் குறிக்கும் அவர்களது எழுத்து நான்கு கட்டங்களாகப் பிரிந்த சதுரம். நான்கு சீறிலைகள் அவ்வெழுத்தை ஒத்திருத்தலின் ‘வயல் எழுத்துப் புல்’ எனப் பெயர் வைத்தனர். வயலின் பெயரையே தாங்கிய அச்செடி இன்று யப்பானின் அழிவுநிலைப் பட்டியலில் உள்ளது. அங்கும் வயலிலிருந்தே அது விரட்டப்பட்டது.

இப்போது எமது பட்டியல்களை நோக்குவோம். இலங்கையிலும் தமிழகத்திலும் குவாட்றிபோலியா மலிந்து கிடக்கின்றது என்று நாம் எழுதினால், அவ்வினத்தின் உலகக் கணக்கில் இல்லாத செழிப்பொன்றைச் சேர்த்தவராவோம். மறுதலையாக, மினூற்றாவின் கணக்கிலிருந்து அதனை நீக்கியவராவோம். இன்று மரபணுத் தொடர்களை உலகத் தரவுத் தொகுதிகளில் இட்டு ஒப்பிடும் காலம். வயலிற் பிழையாக எழுதிய ஒரு சீட்டு அங்கும் அதே பிழையோடு சென்று சேர்கின்றது. ஆய்வுகூடத்தின் கருவி எத்துணை நுண்மையானதாயினும் சீட்டைத் திருத்தித் தருவதில்லை.

மினூற்றா இன்று அருகிய இனமன்று. ஆபிரிக்கா முதல் தென்கிழக்காசியா வரை பரந்துள்ளது. ஆனால் இத்தாலியிலும் யப்பானிலும் குவாட்றிபோலியாவும் அருகாதிருந்த காலம் ஒன்று இருந்தது. எமது வயல்களிலும் அகன்ற இலைக் களைகளை அழிக்கும் மருந்துகள் விசிறத் தொடங்கி இரண்டு தலைமுறைகள் ஆகின்றன. கையாற் களைபிடுங்கிய பெண்களின் கூலி மிச்சம் என்று கணக்கிடப்பட்டது. அவர்கள் மாலையில் வீட்டுக்குக் கொண்டுசென்ற கீரைக்கட்டு எந்தக் கணக்கிலும் ஏறியதில்லை. மருந்து விசிறிய வயலிற் கீரை பறித்தல் ஆபத்தானது என்பதால், செடி எஞ்சியிருந்தாலும் கீரை எஞ்சுவதில்லை. நஞ்சற்ற கீரை வேண்டுவோர் குளக்கரையையும் விதைப்பில்லாத வில்லுகளையும் நாடிச் செல்ல வேண்டியவராகின்றனர். களைகொல்லியே கூடாது என்று தொழிலாளர் கிடைக்காது தவிக்கும் வேளாளனிடம் சொல்லும் உரிமை எமக்கில்லை. எதை இழக்கின்றோம் என்பதையாவது சரியான பெயரால் எழுதி வைக்கலாம் என்பதே எமது வேண்டுகோள்.

இதற்குப் பெருஞ்செலவு எதுவுமில்லை. வவுணதீவுப் பகுதிப் பாடசாலை மாணவர் பெரும்போக அறுவடை முடிந்தபின், மாசி பங்குனியில், வரம்போரச் சேற்றில் இருந்து ஆரையை வேரோடும் கனியோடும் எடுத்து, சேற்றைக் கழுவி, பழைய பத்திரிகைத் தாள்களின் இடையே வைத்துப் பாரமேற்றி உலர்த்தலாம். அதே இடத்தில் மார்கழியில் எடுத்த மிதக்கும் இலையையும் அதனோடு சேர்த்து ஒட்டுதல் நன்று. ஒரே செடி இரு வடிவம் கொள்வதற்கு அதுவே சான்றாகும். சீட்டில் வட்டையின் பெயர், நாள், தண்ணீரின் ஆழம், மருந்து விசிறிய வயலா அன்றா, அவ்விடத்து மக்கள் செடிக்குச் சொல்லும் பெயர் ஆகியவற்றை எழுதவேண்டும். கனிகள் சிலவற்றைத் தனியே சிறு உறையிலிட்டுத் தாளிற் பொருத்தினால் பின்வருவோர் பல்லையும் காம்பையும் தாமே பார்த்துக்கொள்வர். கனி கிடைக்காத மாதிரியாயின் மாசீலியா என்னும் சாதிப் பெயரை மட்டும் எழுதி, இனப்பெயருக்குரிய இடத்தை அடுத்த அறுவடைவரை வெறுமையாக விடலாம்.